பட்டியலில் இருந்த எட்டுப் பெயர்கள்

1945 ஆகஸ்ட் 15ஆம் நாள் ஜப்பானிய மன்னர் ஹிரோஹித்தோ வானொலியில் பேசினார். போர் முடிந்தது என்று உலகம் மகிழ்ந்தது. மலாயாவில் மட்டும் நிலைமை இரண்டுங்கெட்டானாக இருந்தது. ஜப்பானியப் படை இன்னும் இங்கேயே இருந்தது. பிரிட்டிஷ் படை இன்னும் கரையேறவில்லை. காட்டுக்குள் இருந்த எதிர்ப்புப் படையினருக்கு அரிசியும் மருந்தும் ஆயுதமும் வானிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 23ஆம் நாள், இந்தியப் பெருங்கடலில் இருக்கும் கோக்கோஸ் தீவிலிருந்து ஒரு லிபரேட்டர் விமானம் புறப்பட்டது. நான்கு இயந்திரம் பூட்டிய பெரிய குண்டுவீச்சு விமானம் அது. அதன் எண் கேஎல் 654. கோலாலம்பூருக்கும் அந்த ‘கேஎல்’லுக்கும் சம்பந்தம் இல்லை; பிரிட்டிஷ் விமானப்படை தன் விமானங்களுக்கு வரிசையாக இட்டுவந்த எழுத்து, அவ்வளவுதான். உள்ளே எட்டுப் பேர். அவர்கள் சுமந்து வந்தது காட்டில் இருந்தவர்களுக்கான பொருள்கள்.

விமானம் திரும்பிப் போகவில்லை. நெகிரி செம்பிலானில், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள தெலாப்பாக் பூரூக் மலையில் மோதி நொறுங்கியது. எட்டுப் பேரும் மாண்டார்கள்.

தேதிகளைப் பாருங்கள். செப்டம்பர் 2ஆம் நாள் தோக்கியோ விரிகுடாவில் சரணாகதிப் பத்திரம் கையெழுத்தானது. செப்டம்பர் 9ஆம் நாள் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் நம் மோரிப் கடற்கரையில் வந்து இறங்கின. செப்டம்பர் 13ஆம் நாள் கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியில் ஜப்பானியத் தளபதி சரணடைந்தார். அந்த எட்டுப் பேர் இறந்து அன்றைக்குச் சரியாக 21 நாள்.

அவர்களுக்குக் கல்லறை கிடைத்தது 2012 அக்டோபர் 18ஆம் நாள், கோலாலம்பூர் செராஸ் சாலைக் கல்லறைத் திடலில், முழு ராணுவ மரியாதையோடு. இடையில் ஓடிப்போனவை 67 ஆண்டுகள். இத்தனை காலத்துக்குப் பிறகு மலைக்காட்டில் கிடைத்த எலும்புத் துண்டுகள் யாருடையவை என்று எப்படிச் சொல்ல முடிந்தது? இந்த வாரம் சொல்ல வந்தது இதைத்தான். விடை நம் குடும்பங்கள் வரைக்கும் வந்து தொடுகிறது.

நம் தலைக்கு மேல் நடந்த போர்

கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு வானப்போர் என்பது படத்தில் பார்த்த சங்கதியாகத் தோன்றலாம். 1941 டிசம்பரில் அது கோலாலம்பூரின் தலைக்கு மேலேயே நடந்தது. அப்போது நகரத்தின் விமானத் திடல் சுங்கைப் பீசியில் இருந்தது. ஆஸ்திரேலிய விமானப்படையின் 453ஆவது பிரிவு அங்கே நின்று நகரைக் காத்தது. அவர்கள் கையில் இருந்தவை பஃபலோ என்ற அமெரிக்கப் போர் விமானங்கள். பெயரைப் போலவே கனமானவை, வேகம் குறைந்தவை. எதிரே வந்த ஜப்பானிய விமானங்கள் இலகுவானவை, சட்டெனத் திரும்பக் கூடியவை. டிசம்பர் 22ஆம் நாள் நடந்த சண்டையில் பஃபலோக்கள் பலத்த அடி வாங்கின. மிச்சமிருந்தவை சிங்கப்பூருக்குப் பின்வாங்கின. 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது.

மூன்றாண்டு கழித்து வானத்தில் காற்று திசை மாறியது. இந்தியாவில் வங்காளத்துத் தளங்களிலிருந்து அமெரிக்காவின் பி-29 விமானங்கள் கிளம்பி, சுமார் 2,600 கிலோமீட்டர் பறந்து இங்கே வந்தன. 1945 பிப்ரவரி 19ஆம் நாள் அவற்றின் குறி செந்தூல் ரயில்வே மத்தியப் பட்டறை. மார்ச் 10ஆம் நாள் குறி, கோலாலம்பூரின் சரக்கு ரயில் தடங்கள். அன்று விழுந்த குண்டுகளில்தான் பழைய சிலாங்கூர் அரும்பொருளகம் அழிந்தது. அது நின்ற இடத்தில்தான் 1963இல் தேசிய அரும்பொருளகம் எழும்பியது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம்.

ஏன் ரயில்வேயைக் குறிவைத்தார்கள்? மலாயாவின் நாடி நரம்பு அந்தத் தண்டவாளம்தான். ஜப்பானியப் படைக்கு ஆளும் அரிசியும் தளவாடமும் அதன் மேல்தான் ஓடின. செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அந்த ரயில்வேயை ஓட்டியவர்களில் தமிழர்கள் பெரும்பங்கு. வேலைக்குப் போகாவிட்டால் ஜப்பான்காரன் அடி, போனால் வானத்திலிருந்து குண்டு என்ற நிலை அவர்களுக்கு. இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்குக்கரைத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை வடக்கே சயாமுக்கு ஏற்றிப்போன கூட்ஸ் வண்டிகளும் இந்தத் தண்டவாளத்தில்தான் ஓடின. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

காட்டுக்குள் இறக்க வேண்டிய மூட்டை

லிபரேட்டருக்குத் திரும்புவோம். கோக்கோஸ் தீவிலிருந்து நெகிரி செம்பிலான் 1,700 கிலோமீட்டருக்கும் அதிகம். போக வர 3,400 கிலோமீட்டருக்கு மேல். பெரும்பகுதி கடல். நடுவில் இறங்கி எண்ணெய் போட இடம் கிடையாது. இங்கே வந்ததும் காட்டுக்குள் ஒரு சின்ன வெட்டவெளியைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே ஃபோர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் ரகசியப் படையைச் சேர்ந்தவர்களும், அவர்களோடு இணைந்து செயல்பட்ட மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினரும் காத்திருப்பார்கள். விமானம் தாழ்ந்து, வேகத்தைக் குறைத்து, பாரசூட்டில் கட்டிய பெட்டிகளைத் தள்ளிவிட வேண்டும். உயரத்திலிருந்து தள்ளினால் பெட்டி காட்டில் எங்கோ போய் விழும், யாருக்கும் உதவாது.

நம் மலைகளை அறிந்தவர்களுக்கு இதில் உள்ள ஆபத்து புரியும். கெந்திங்குக்கோ புக்கிட் திங்கிக்கோ போகும்போது பார்த்திருப்பீர்கள். கீழே வெயில் அடிக்கும்; அரைமணி நேரத்தில் மலை முழுதும் மேகம் மூடிவிடும். பத்தடி முன்னால் போகும் கார் தெரியாது. தித்திவங்சா மலைத்தொடரின் இயல்பு இது. இன்றைய விமானத்துக்கு ரேடார் இருக்கிறது, செயற்கைக்கோள் வழிகாட்டுகிறது, நிலம் நெருங்கினால் எச்சரிக்கும் கருவி கத்துகிறது. 1945இல் இந்தப் பக்கம் வந்த விமானிக்கு இருந்தவை ஒரு வரைபடம், ஒரு கடிகாரம், ஒரு திசைகாட்டி, இரண்டு கண்.

எதிரியின் பீரங்கியைப் போலவே மலையும் மேகமும் விமானிகளைக் கொன்றன. போர் முடிந்த பிறகும் அவை ஓயவில்லை.

அவசரகாலத்து டகோட்டா

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. 1960 ஜூலை 31 வரை நீடித்தது. நம் பெரியவர்கள் ‘கம்யூனிஸ்ட் காலம்’ என்று சொல்வது இதைத்தான். காட்டுக்குள் ரோந்து போன படைகளுக்குச் சாப்பாடு முதல் காலணி வரை விமானத்திலிருந்து போட்டார்கள். மூன்று மொழிகளில் அச்சடித்த துண்டுப் பிரசுரங்களும் வானத்திலிருந்து விழுந்தன; அவற்றில் தமிழும் ஒன்று. சுங்கைப் பீசித் திடல் இந்த வேலைகளுக்கு ஒரு முக்கியத் தளமாக இருந்தது.

1950 ஆகஸ்ட் 25ஆம் நாள், பிரிட்டிஷ் விமானப்படையின் 52ஆவது பிரிவைச் சேர்ந்த கேஎன் 630 என்ற டகோட்டா, கிளந்தான் காட்டுக்குள் விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் 12 பேர். விமானிகள், பொருள்களைத் தள்ளிவிடும் தரைப்படை வீரர்கள் ஆகியோரோடு உள்ளூர் ஆட்களும் அதில் இருந்தார்கள். யாரும் பிழைக்கவில்லை. அவர்களை வெளியே கொண்டுவர வழியில்லாத இடம் அது. 2008இல்தான் எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டன. 2012இல் அவர்களும் செராஸ் சாலைக் கல்லறைத் திடலில் அடக்கம் செய்யப்பட்டார்கள். இவர்கள் காத்திருந்தது 62 ஆண்டு.

ஆகவே அந்த ஒரே ஆண்டில் இரண்டு விமானங்களின் மனிதர்கள், மொத்தம் 20 பேர், காட்டிலிருந்து செராஸுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு விமானம் உலகப்போர் முடிந்த வாரத்தில் விழுந்தது. இன்னொன்று அதற்கடுத்த போரில் விழுந்தது. இங்கிலாந்திலிருந்து முதியவர்களான உறவினர்கள் அடக்கத்துக்கு வந்திருந்தார்கள்.

அமைதிக் காலத்திலும் அதே குன்றுகள்

மலை விமானத்தை வாங்கிக்கொள்வது போரோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு நம் வாசலிலேயே சாட்சி உண்டு. 1977 செப்டம்பர் 27ஆம் நாள், தோக்கியோவிலிருந்து ஹாங்காங் வழியாக வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், மோசமான வானிலையில் சுபாங்கில் இறங்க முயன்றது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, இறங்கக்கூடாத உயரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. எல்மினா ரப்பர் தோட்டத்துக் குன்றில் மோதியது. இருந்த 79 பேரில் 34 பேர் மாண்டார்கள். அவர்களுக்கான நினைவுச் சின்னம் கோலாலம்பூர் ஜப்பானியக் கல்லறைத் திடலில் இருக்கிறது. அந்தத் தோட்டம் இன்று நகரமாகிவிட்டது. 2023 ஆகஸ்ட் 17ஆம் நாள் சிறிய விமானம் ஒன்று எல்மினாவில் சாலையில் விழுந்து, அதில் இருந்த எட்டுப் பேரும் சாலையில் போய்க்கொண்டிருந்த இருவரும் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

1989 பிப்ரவரி 19ஆம் நாள் பூச்சோங்கில் நடந்ததைக் கேட்டால் மனம் பதைக்கும். சிங்கப்பூரிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு சுபாங்குக்கு வந்தது ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747. கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த உத்தரவு, 2,400 அடிக்கு இறங்கு என்பது. ஆங்கிலத்தில் அதை ‘டூ ஃபோர் ஜீரோ ஜீரோ’ என்றார்கள். அந்த முதல் ‘டூ’வை ‘இரண்டு’ என்ற எண்ணாக விமானிகள் எடுத்துக்கொள்ளவில்லை. ‘நானூறுக்கு’ என்பதில் வரும் ‘க்கு’ போல எடுத்துக்கொண்டார்கள். 400 அடிக்கு இறங்கினார்கள். 437 அடி உயரத்தில் குன்று நின்றது. நான்கு பேரும் இறந்தார்கள். நிலம் நெருங்குகிறது என்று எச்சரிக்கை ஒலித்தால், ஏன் எதற்கு என்று கேட்காமல் உடனே விமானத்தை மேலே எழுப்ப வேண்டும் என்ற பயிற்சி உலகெங்கும் அழுத்தம் பெற்றதற்கு இந்த விபத்தும் ஒரு காரணம்.

இந்த விபத்துகளில் இறந்தவர்களின் பெயர்கள் மறுநாளே தெரிந்துவிட்டன. பயணிகள் பட்டியல் இருந்தது. 1945இல் விழுந்த விமானத்துக்கும் அப்படி ஒரு பட்டியல் இருந்தது என்பதுதான் நான் சொல்ல வருவது.

எண்ணிலிருந்து பெயருக்கு

காட்டில் ஒரு விமானச் சிதைவு கிடைக்கிறது. அறுபது, எழுபது ஆண்டு மழையில் எலும்பு கரைந்திருக்கும். சதை, துணி, காகிதம் எதுவும் மிஞ்சியிருக்காது. மிஞ்சுவது உலோகம். இயந்திரத்தில் ஒரு எண் பொறித்திருக்கும். இறக்கையில், வாலில், தொழிற்சாலைத் தகட்டில் எண்கள் இருக்கும். அவற்றை வைத்து இது எந்த விமானம் என்று கண்டுபிடிக்கலாம்.

விமானம் எது என்று தெரிந்ததும் அடுத்த கதவு திறக்கிறது. பிரிட்டிஷ் விமானப்படையின் ஒவ்வொரு பிரிவும் அன்றாடம் ஒரு பதிவேடு எழுதியது. எந்தத் தேதி, எந்த விமானம், எத்தனை மணிக்குக் கிளம்பியது, என்ன வேலை, யார் யார் உள்ளே இருந்தார்கள், திரும்பியதா இல்லையா. போர் மும்முரமாக நடந்த நாளிலும், கடல் நடுவே ஒரு தீவிலும், யாரோ ஒரு கிராணி உட்கார்ந்து அதைத் தட்டச்சு செய்தார். அந்தத் தாள்கள் லண்டனில் பாதுகாக்கப்பட்டன. கேஎல் 654இன் எட்டுப் பேரும் அப்படித்தான் நமக்குப் பெயரோடு கிடைக்கிறார்கள்.

அவர்கள் உடல் கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் பெயர் கல்லில் ஏறிவிட்டது என்பது இன்னொரு செய்தி. 1917இல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை, இறந்த ஒவ்வொரு வீரனின் பெயரும் கல்லறையிலோ நினைவுச் சுவரிலோ இருக்க வேண்டும் என்பது. கல்லறை இல்லாதவர்களுக்காகச் சிங்கப்பூர் கிராஞ்சியில் ஒரு பெரிய நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். இந்திய வீரர்கள் ஏராளம். அவர்களிடையே தமிழ்ப் பெயர்களையும் பார்க்கலாம். சிங்கப்பூர் போகிறவர்கள் ஒருமுறை அங்கே போய்வர வேண்டும்.

இந்த ஆணையமும் எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தவில்லை. முதல் உலகப்போரில் இறந்த ஆப்பிரிக்கர், இந்தியர் முதலியோரில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரைகூட, பெயர் சொல்லியோ அல்லது எந்த வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை என்று 2021இல் அதன் சொந்த அறிக்கையே ஒப்புக்கொண்டது. அதற்கு மன்னிப்பும் கேட்டது. நூறாண்டு கழித்துத் திருத்த முனைந்தாலும் தடையாக நிற்பது ஒன்றுதான்: யார் இறந்தார் என்று எழுதி வைத்த தாள் பல இடங்களில் இல்லை.

பட்டியல் இல்லாத நம்மவர்

இப்போது அந்தக் கூட்ஸ் வண்டிக்கு வருகிறேன்.

சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானியர் 1943 அக்டோபரில் இணைத்து முடித்தார்கள். நாம் அதைச் சயாம் மரண ரயில் என்கிறோம். காமன்வெல்த் ஆணையத்தின் கணக்குப்படி அங்கே இறந்த போர்க்கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர். இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 1,00,000 வரை. மலாயாவின் தோட்டங்களிலிருந்து போன நம் பாட்டாளிகள் இவர்களில் மிகப்பெரிய கூட்டங்களில் ஒன்று.

இரண்டு எண்களையும் மறுபடி பாருங்கள். முதல் எண்ணில் பெயர் இருக்கிறது. இரண்டாவது எண்ணில் ‘முதல்’, ‘வரை’ என்ற சொற்கள் இருக்கின்றன. நடுவே 20,000 உயிர் இடைவெளி. ஒரு பெரிய ஊரே அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும்.

ஏன் இந்த வேறுபாடு? போர்க்கைதிகள் தங்களுக்குள் பட்டியல் வைத்திருந்தார்கள். யார் எந்த முகாமில் எந்த நாளில் இறந்தார், எங்கே புதைத்தோம் என்று எழுதி, ஜப்பானியக் காவலர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்த கையோடு, 1945 செப்டம்பர் கடைசியில், 16 பேர் கொண்ட ஒரு குழு அந்தப் பாதை நெடுகப் போனது. மூன்று வாரத்துக்குள் 144 கல்லறைத் திடல்களையும் 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளையும் அடையாளம் கண்டது. இன்று காஞ்சனபுரி போர்க் கல்லறைத் திடலில் ஏறத்தாழ 7,000 பேர் பெயர்க் கல்லின் கீழ் வரிசையாக உறங்குகிறார்கள்.

நம் ஆட்களிடம் பட்டியல் எழுத ஆள் இல்லை. பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. காலராவில் ஒரே நாளில் ஒரு கொட்டகையே காலியானது. இறந்தவர்களைக் குழியில் போட்டார்கள், எரித்தார்கள். அவர்கள் பெயர் கடைசியாக எழுதப்பட்டது புறப்பட்ட தோட்டத்தின் செக்ரோல் புத்தகத்தில்தான். அந்தப் புத்தகங்கள் எத்தனை மிஞ்சின? போர் முடிந்ததும் இவர்களைத் தேடிப் போகும் பொறுப்பு எந்த ஆணையத்துக்கும் இல்லை. இவர்கள் சீருடை போட்ட படைவீரர்கள் இல்லை என்பதால் போர்க் கல்லறை ஆணையத்தின் வட்டத்துக்குள் வரவில்லை. கணவன் திரும்பி வருவான் என்று லயத்து வாசலில் காத்திருந்த பெண்ணுக்கு, அவன் இறந்த செய்தியைச் சொல்லி ஒரு காகிதம்கூட வரவில்லை.

அந்த விமானிகளுக்குக் கிடைத்தது அதிகம் என்று நான் சொல்லவில்லை. காட்டில் எங்கோ பசித்துக் கிடந்தவர்களுக்குச் சோறு கொண்டுவந்து, தன் வீட்டுக்குப் போகாமலே போன எட்டுப் பேர் அவர்கள். 67 ஆண்டு கழித்தும் அவர்களைத் தேடி எடுத்தது நல்ல காரியம். மலேசிய ராணுவமும் அரும்பொருளகத்தாரும் இதில் பாடுபட்டார்கள். மலாயா வரலாற்றுக் குழு போன்ற ஆர்வலர்கள் சொந்தக் காசைச் செலவழித்துக் காட்டுக்குள் போய் விமானச் சிதைவுகளைத் தேடிப் பதிவு செய்கிறார்கள். இதைப் பார்த்துப் பொறாமைப்படுவதற்கு ஒன்றுமில்லை. கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஒரு மனிதனை மறதியிலிருந்து மீட்கப் பெரிய நினைவு மண்டபம் முதல் தேவை இல்லை. தேதி, இடம், பெயர் என்று மூன்று செய்தி எழுதிய ஒரு வரி போதும். மற்றதெல்லாம் பிறகு வரும், அறுபது ஆண்டு கழித்தாவது வரும்.

நம் பக்கத்திலும் சில நகர்வுகள் உண்டு. காஞ்சனபுரியில் ஆசியத் தொழிலாளர்கள் பெருந்திரளாகப் புதைக்கப்பட்ட புத்த ஆலய வளாகத்தில், 2023இல் மலேசியத் தமிழர்களின் முயற்சியால் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது நம் பழைய வழக்கம். அந்த வழக்கத்தில் கல்லில் வீரன் பெயரும் பொறிப்பார்கள். இந்தக் கல் பல்லாயிரம் பேருக்குச் சேர்த்து நடப்பட்டது. பெயர்களை யார் கொண்டுவருவது?

இன்னும் நேரம் இருக்கிறது

நாம்தான் கொண்டுவர வேண்டும். சயாமுக்குப் போனவர்களின் பிள்ளைகளே இன்று எண்பதைத் தாண்டியவர்கள். கிள்ளான், காப்பார், பந்திங், ரவாங், காஜாங் பக்கங்களில் பழைய தோட்டத்துக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தோட்டம் செம்பனையாகி, செம்பனை தாமான் ஆகிவிட்டாலும், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தோம் என்பது வீட்டில் யாருக்காவது நினைவிருக்கும்.

இந்த வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். வீட்டிலிருக்கும் மூத்தவரிடம் கேளுங்கள். சயாமுக்குப் போனவர் யார்? அவருடைய அப்பா பெயர் என்ன? எந்தத் தோட்டம்? கங்காணி யார்? தனியாகப் போனாரா, அண்ணன் தம்பியோடு போனாரா? திரும்பினாரா? தெரிந்ததை எழுதுங்கள். தெரியாத இடத்தில் கோடு போட்டு விடுங்கள். அந்த விமானப்படைப் பதிவேட்டிலும் திரும்பாத விமானத்துக்கு நேரே முழு விவரம் இருந்திருக்காது. புறப்பட்ட நேரமும் உள்ளே இருந்தவர் பெயரும் இருந்தன. அதுவே போதுமானதாக இருந்தது.

பழைய அடையாள அட்டை, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, ஜப்பான் காலத்து வாழைமர நோட்டோடு சுற்றி வைத்த கடிதம் என்று எது இருந்தாலும் குப்பையில் போடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய தொழிலாளர் துறைக் கோப்புகள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அங்கே ஆயுள் முழுவதற்கும் வேலை இருக்கிறது.

மலையேறும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். வாரக்கடைசியில் நெகிரி செம்பிலான், சிலாங்கூர் மலைகளில் ஏறும் நம் பிள்ளைகள் இப்போது அதிகம். காட்டுக்குள் பழைய உலோகச் சிதைவைக் கண்டால் தொடாதீர்கள். வெடிக்காத குண்டு இருக்கலாம். எண் பொறித்த தகட்டை நினைவுப் பொருளாக எடுத்து வராதீர்கள்; அந்தத் தகட்டை இழந்தால் அங்கே கிடப்பவர் பெயரையே இழக்க நேரிடும். இடத்தைக் குறித்துக்கொண்டு போலீசிடமோ மாவட்ட அலுவலகத்திலோ சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டமும் இத்தகைய கண்டுபிடிப்பைத் தெரிவிக்கச் சொல்கிறது.

செராஸ் சாலையில் போகும்போது ஒருநாள் அந்தக் கல்லறைத் திடலில் நுழைந்து பாருங்கள். எட்டுப் பேரும் பன்னிரண்டு பேரும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு நிமிடம் நில்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் உங்கள் தாத்தாவின் தம்பி பெயர் என்ன என்று கேட்டு எழுதி வையுங்கள்.